விரலுக்கு முந்திய படம்

எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் பதிவாகும் நேரத்தில் மட்டும் படமெடுப்பவருக்கு எதுவும் தெரியாது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்து முகத்தையும் வெளிச்சத்தையும் சட்டகத்தின் ஓரங்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். விரல் அழுந்துகிறது. லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் நிற்கும் சிறிய கண்ணாடி மேலே எழும்பி, ஃபைண்டருக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் ஷட்டர் திறந்து சென்சாரில் ஒளி விழுகிறது. ஷட்டர் மூடியதும் கண்ணாடி இறங்கி, காட்சி திரும்ப வருகிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் படம் என்று நாம் கையில் வாங்கிப் பார்ப்பது முழுக்க அந்த இருட்டுக்குள் நடந்தது.

லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நுட்பம் புரியும். முன்னால் தெரியும் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைத் தன் வழியே கசியவிடுகிறது. அதன் முதுகில் இன்னொரு குட்டிக் கண்ணாடி மடிந்து நிற்கிறது. அது கசிந்த ஒளியைக் கீழே, கேமராவின் தரைப்பகுதியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. படமெடுக்கும்போது இரண்டும் சேர்ந்து மடிந்து மேலே போய், அங்கே ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சுப் பட்டையில் மோதி நிற்கவேண்டும். மோதியபின் அதிராமல் இருக்கவேண்டும், திரும்பி இறங்கும்போது மயிரிழை பிசகாமல் பழைய இடத்திலேயே உட்காரவேண்டும், இதையே லட்சக்கணக்கான முறை செய்யவேண்டும். பழைய பாடிகளில் அந்தப் பஞ்சு பிசுபிசுத்து உதிர ஆரம்பித்திருக்கும். விரலால் தொட்டால் கரிபோல ஒட்டிக்கொள்ளும். நிகானின் டி6, 2020இல் வந்தபோது, இந்த எழுச்சியும் இறக்கமும் நொடிக்கு 14 முறை நடந்தன. கேனானின் 1டி எக்ஸ் மார்க் 3இல் 16 முறை. இயந்திரவியலில் இதைவிட அழகான வேலைப்பாட்டை ஒரு சாதாரண மனிதன் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

விளையாட்டுப் படமெடுப்பவர்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு. மட்டை பந்தில் படுவதை ஃபைண்டரில் பார்த்துவிட்டாயா, அப்படியானால் அது படத்தில் இருக்காது. பார்க்க முடிந்தது என்றால் அந்த நேரத்தில் கண்ணாடி கீழே இருந்திருக்கிறது, ஷட்டர் மூடியிருந்திருக்கிறது. நம் கல்யாண மண்டபங்களிலும் இதேதான் நடந்தது. கெட்டிமேளம் உச்சத்துக்குப் போய், நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்க, முடிச்சு விழும் அந்த இமைப்பொழுதைப் பதிவு செய்தவர் அதைப் பார்க்கவில்லை. மண்டபத்தில் அவரைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். அவருக்குக் கிடைத்தது விரலில் உணர்ந்த ஓர் அதிர்வு, காதில் விழுந்த ஒரு சத்தம், 'சிக்கிவிட்டது' என்ற நம்பிக்கை.

இந்த இருட்டை நீக்கவேண்டும் என்று கேமரா செய்பவர்கள் நெடுங்காலமாக முயன்றுவந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். படம் எடுத்ததும் மேலே போன கண்ணாடி அங்கேயே நின்றுவிடும். ஃபிலிமை அடுத்த சட்டகத்துக்குச் சுற்றினால்தான் இறங்கும். அதுவரை ஃபைண்டர் கறுப்பாகவே கிடக்கும். ஜப்பானில் 1954இல் வந்த ஆசாஹிஃப்ளெக்ஸ் 2பி-யில் கண்ணாடி தானாகவே உடனே இறங்கக் கற்றுக்கொண்டது. 1959இல் நிகான் எஃப் அதையும் மற்ற நல்ல அம்சங்களையும் ஒரே உறுதியான உடலில் சேர்த்தது. 1965இல் கேனான் வேறு வழியில் போனது. பெலிக்ஸ் என்ற கேமராவில் அசையாத, பாதி ஊடுருவும் மெல்லிய சவ்வுக் கண்ணாடியை வைத்தது. இருட்டு போயிற்று. ஆனால் லென்ஸ் வழியே வந்த ஒளியில் ஒரு பங்கு எப்போதும் ஃபைண்டருக்கே போனதால் ஃபிலிமுக்குச் சேரவேண்டியது குறைந்தது, ஃபைண்டரும் மங்கலாயிற்று. இதே யோசனையை 2010இல் சோனி வேறொரு வடிவத்தில் திரும்பவும் முயன்று பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை.

இன்னொரு மரபில் இந்தச் சிக்கலே எழவில்லை. லைக்காவைப் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் பார்ப்பதற்குத் தனி ஜன்னல். லென்ஸ் வழியே பார்ப்பதில்லை என்பதால் தடுக்கும் கண்ணாடியும் இல்லை. ஷட்டர் திறந்து மூடும்போதும் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் வைத்திருந்தது அந்தக் கேமராவைத்தான். கணத்தைப் பற்றி உலகம் பேசிய பேச்சில் பெரும்பங்கு அவரைச் சுற்றி எழுந்தது. கணத்தைக் கண்ணால் பார்த்தபடியே பிடிக்க விட்ட கருவி அவரிடம் இருந்தது என்பதை அந்தப் பேச்சில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும். பலகை வேலியின் இடைவெளியில் லென்ஸை நுழைத்து எடுத்தது. இடைவெளி போதாமல் பலகையும் ஓரத்தில் விழுந்துவிட்டது, பிற்பாடு வெட்டினார். அந்தக் குதிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எந்தக் கேமரா, என்ன இடைவெளி, எவ்வளவு தெரிந்தது என்ற கேள்விகளைக் கருவிப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

'கேமராவா முக்கியம், கண்தான் முக்கியம்' என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. இலக்கியக் கூட்டங்களிலும் ஓவியர்களிடத்திலும் இதைச் சொல்பவர்களுக்குத்தான் மரியாதை. புதிய பாடி வந்திருக்கிறது, நொடிக்கு இத்தனை படம், சென்சாரை இத்தனை வேகத்தில் வாசிக்கிறது என்று டீக்கடை வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறவர்களை, கலை தெரியாமல் பொருளுக்கு ஆசைப்படுகிறவர்கள் என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பேச்சில் ஆசை இருக்கிறது, பெருமை இருக்கிறது, பிராண்டுச் சண்டை இருக்கிறது. அதற்கெல்லாம் அடியில், நேரத்தைப் பற்றிய ஒரு விசாரணை விடாமல் நடந்துகொண்டிருக்கிறது. படமெடுப்பவர் கணத்துக்கு முன்னால் நிற்கிறாரா, கூடவே நிற்கிறாரா, பின்னால் நிற்கிறாரா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கேமரா உலகத்தில் வந்த செய்திகளில் பாதி இந்தக் கேள்விக்குப் புதுப்புதுப் பதில்கள். அதை முதலில் கவனித்தவர்கள் இந்த டீக்கடைக்காரர்கள்தான்.

காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனை (1912–1996) இங்கே நினைத்துக்கொள்கிறேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானையையும் காட்டெருதையும் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள், கண் என்றால் என்ன என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். அந்தக் கிருஷ்ணன் கடையில் வாங்கியதை அப்படியே பயன்படுத்தியவர் அல்லர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தன் தேவைக்கென ஒரு கனத்த கருவியை ஆக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். தனக்கு எந்த நெகடிவ் வேண்டும், விலங்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்று தெரிந்தவருக்கே இப்படிப்பட்ட கருவி தேவைப்படும். அவரிடம் கண்ணையும் கருவியையும் யார் பிரிக்கப் போகிறார்கள்?

கேமராக்காரர்களின் காத்திருப்பும் எனக்கு மதிப்புக்குரியதாகவே படுகிறது. பறவை எடுப்பவர்களுக்கு நிகானின் டி300 என்ற பாடி 2007இல் வந்தது, 2009இல் டி300எஸ். அதற்குப் பிறகு அந்த வரிசையில் எதுவும் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் 'இந்த வருஷம் டி400 வருகிறதாம்' என்று செய்தி கிளம்பும், அடங்கும். டி400 என்ற பெயரில் எதுவும் வரவே இல்லை. 2016இல் ஒருவழியாக டி500 வந்தது. நொடிக்கு 10 படம், சட்டகத்தின் ஓரம்வரை பரவிய 153 ஃபோகஸ் புள்ளிகள். வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே அதை ஏரிக்கரைக்கு எடுத்துப்போனார்கள். இத்தனை ஆண்டு காத்திருந்தவர்களுக்குத் தங்களுக்கு என்ன தேவை என்பது கடைசி இணுக்குவரை தெரிந்திருந்தது. மீன்கொத்தி சட்டகத்தின் ஓரத்தில் இருக்கும்போதே ஃபோகஸ் பிடிக்கவேண்டும், ஏனென்றால் அது பாய்வது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. இப்படி ஒரு பறவையின் பாதையை வைத்து ஃபோகஸ் புள்ளிகளின் பரப்பை அளந்து பேசுவதை வெறும் பொருளாசை என்று என்னால் சொல்ல முடியாது.

அவர்கள் காத்திருந்து வாங்கிய வேளையில் கண்ணாடியின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடி இல்லாமல் வந்திருந்தது. 2013இல் சோனி ஏ7 ஃபுல் ஃபிரேமில் வந்தது. அந்தக் கேமராக்களில் ஃபைண்டருக்குள் ஒரு சிறு திரை இருக்கிறது. சென்சார் பார்ப்பதை அது காட்டுகிறது. விளையாட்டு எடுப்பவர்கள் அதைச் சீண்டவில்லை. திரை தயங்கியது, படமெடுக்கும்போது விக்கியது. 2017 ஏப்ரலில் சோனி ஏ9 என்ற பாடியை அறிவித்தது. சென்சாரின் முதுகிலேயே நினைவகத்தை அடுக்கி, நொடிக்கு 20 படம் எடுக்கும்போதும் ஃபைண்டர் ஒரு கணமும் இருளாதபடி செய்திருந்தார்கள். கண்ணாடி பிறந்ததிலிருந்து இருந்த குருட்டுக் கணம் அன்றோடு போனது. 2020இல் கண்ணாடி இல்லாத இந்த மிரர்லெஸ் கேமராக்கள் எஸ்.எல்.ஆரைவிட அதிக எண்ணிக்கையில் விற்பனைக்குப் போயின. மேலே சொன்ன டி6-க்கும் 1டி எக்ஸ் மார்க் 3-க்கும் வாரிசுகள் வரவில்லை.

கண்ணாடி போனதில் கேமராவின் உடம்பும் மாறியது. கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும் என்பதால் நிகான் எஃப் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. தூரம் விட்டிருந்தார்கள். 1959இல் வகுத்த அந்த அளவை அறுபது ஆண்டுகள் மாற்றவில்லை. 2018இல் வந்த இசட் மவுண்டில் அது 16 மி.மீ. அகலக் கோண லென்ஸ் செய்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் என்னைப் பாதித்தது இதுவல்ல.

என்னைப் பாதித்தது அந்திநேரம். ஆப்டிகல் ஃபைண்டர் வழியே பார்க்கையில் இருட்டினால் ஃபைண்டரும் இருட்டும். கண் மெல்ல மெல்லப் பழகி, தேரின் மேல் விளக்கு ஏற்றுபவரின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை ஊகிக்கும். திரை ஃபைண்டரில் அப்படி இல்லை. வெளியே கறுத்துப்போன தெரு உள்ளே வெளிச்சமாக, சட்டைகளின் நிறத்தோடு தெரிகிறது. கண்ணை எடுத்தால்தான் எவ்வளவு இருட்டிவிட்டது என்று தெரிகிறது. படம் எப்படி வருமோ அதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது என்பது இதன் பெரிய வசதி. வெளிச்சம் கூடினதா குறைந்ததா என்ற பழைய பயம் போய்விட்டது. ஆனால் பார்ப்பது தெருவை அல்ல, தெருவின் படத்தை. அதுவும் சில மில்லி நொடிகளுக்கு முந்திய படத்தை. எஸ்.எல்.ஆர். காரர் நிகழ்காலத்தைப் பார்த்தார், படம் பதியும்போது மட்டும் குருடானார். மிரர்லெஸ் காரர் ஒருபோதும் குருடாவதில்லை, ஆனால் எப்போதும் சற்றே பழையதைப் பார்க்கிறார். நல்ல பாடிகளில் இந்தப் பின்தங்கல் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியதாகிவிட்டது என்பது உண்மை. இருந்தாலும் 'ஃபைண்டர் லேக்' என்று ஆர்வலர்கள் ஓயாமல் பேசியது இந்த இடைவெளியைத்தான், அவர்கள் பேசியது வீண் இல்லை.

அடுத்து ஷட்டரும் போனது. 2021 அக்டோபரில் நிகான் அறிவித்த இசட்9இல் இயந்திர ஷட்டரே இல்லை. சென்சார்தான் ஒளியை வாங்குவதும் நிறுத்துவதும். இங்கே ஒரு தொல்லை. சென்சார் தன் வரிசைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசிக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் பொருள் நகர்ந்துவிட்டால் படத்தில் அது சாய்ந்துவிடும். மெதுவாக வாசிக்கும் சென்சாரில் மின்விசிறி இறக்கை வாழைப்பழம்போல வளையும், எல்.இ.டி. மேடை விளக்கில் மணமக்கள்மேல் வரிவரியாகக் கோடு விழும். கல்யாணம் எடுப்பவர்கள் இந்தக் கோட்டினால் பட்ட பாடு கொஞ்சமல்ல. இசட்9 போதுமான வேகத்தில் வாசித்ததால்தான் ஷட்டரைத் துணிந்து எடுக்க முடிந்தது. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் மாடலில் எல்லா வரிசைகளும் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுகின்றன, இதைத்தான் குளோபல் ஷட்டர் என்கிறார்கள். நொடிக்கு 120 படம், ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 80,000இல் ஒரு பங்குவரை. இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு பிக்சலும் தன் மின்னூட்டத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க இடம் தேவைப்படுவதால் ஒளியைத் தாங்கும் கொள்ளளவு குறைகிறது. அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250இலிருந்துதான் தொடங்குகிறது. நிழல்களின் ஆழத்தில் கொஞ்சம் இழந்து, கணத்தின் நேர்மையை வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பேரம் சரியா என்று இன்றும் விவாதம் ஓயவில்லை.

எனக்கு இதில் ஒரு பழைய படம் ஞாபகம் வருகிறது. ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற பிரெஞ்சு இளைஞர் 1910களின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார். காரின் சக்கரம் முன்பக்கமாகச் சாய்ந்த முட்டை வடிவத்தில் இருக்கிறது. ஓரமாக நிற்கும் ஆட்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு துணிப் பிளவு, மெதுவாக நகர்ந்தது. சக்கரத்தின் அடியும் உச்சியும் வெவ்வேறு நேரங்களில் பதிந்தன. காரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அவர் கேமராவையும் திருப்பிக்கொண்டிருந்ததால் பார்வையாளர்கள் மறுபக்கம் சாய்ந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேகத்தின் சின்னமாக மதிக்கப்படும் படம் அது. குளோபல் ஷட்டரில் எடுத்திருந்தால் சக்கரம் வட்டமாக, கார் நின்றுகொண்டிருப்பதைப்போல இருந்திருக்கும். தவறற்ற கணம் எப்போதும் கூடுதல் உண்மையைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. கார்ட்டூன்களில் ஓடும் வாகனத்தை முன்பக்கம் சாய்த்துப் போடுகிறார்களே, அந்தச் சாய்வு பழைய ஷட்டர்கள் நம் கண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததாகத்தான் இருக்கவேண்டும்.

இசட்9இல் இன்னொரு விஷயம். ஷட்டர் இல்லாததால் சத்தமும் இல்லை. எனவே படமெடுத்ததைத் தெரிவிக்க ஒலிபெருக்கியில் ஒரு ஷட்டர் சத்தத்தை ஒலிக்கச் செய்கிறார்கள், அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாம் என்று அணைத்தும் விடலாம். மேடையில் நிற்கும் பெண்ணும் பிள்ளையும் எப்போது சிரிப்பைத் தளர்த்தவேண்டும் என்பதற்குச் சத்தம் வேண்டியிருக்கிறது. பாட்டுக் கச்சேரியில், சாவு வீட்டில் அது இல்லாமலிருப்பதே நல்லது. பழைய கேமராக்களால் அங்கெல்லாம் எத்தனை பேர் கூசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். விரல் அழுந்துவதற்கு முன்பே படம் எடுப்பது.

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் கேமரா படங்களை எடுத்து எடுத்து நினைவகத்தில் போட்டு, பழையவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்திய படங்களையும் சேர்த்துச் சேமித்துக்கொள்ளும். காசியோ 2008இலேயே இஎக்ஸ்-எஃப்1 என்ற கேமராவில் இதைக் கொடுத்தது. 2016இல் ஒலிம்பஸின் இ-எம்1 மார்க் 2, அழுத்துவதற்கு முந்திய 14 படங்களை வைத்துக்கொண்டது. இசட்9-க்கு 2022இல் மென்பொருள் வழியாக இது வந்தது. ஏ9 மூன்றாம் மாடலில் ஒரு முழு நொடி பின்னால் போகலாம். ஒரு மனிதன் கண்டு, மூளைக்கு எட்டி, விரலை அசைப்பதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. போட்டோகிராஃபி தொடங்கியதிலிருந்து படமெடுப்பவரைத் துரத்திவந்த இந்த ஐந்தில் ஒரு நொடியை மன்னித்துவிட்டார்கள்.

செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் பல ஆண்டுகளாகப் பறவை எடுக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. என்னைவிட மூத்தவர். கரையோரத்துப் பட்டமரத்தில் செம்பருந்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில், நான் வலித்த கையைத் தளர்த்தி லென்ஸை இறக்கினேன். அவர் இறக்கவில்லை. "எச்சம் போட்டுச்சு பாருங்க தம்பி. கெளம்பப் போவுது" என்றார். இரண்டு மூச்சு விடுவதற்குள் அது கிளம்பியது. பருந்தினங்கள் பறக்குமுன் உடம்பை இலேசாக்கிக்கொள்ளும் என்பதைப் பறவை எடுப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். எனக்கும் ஏட்டில் தெரியும். அவருக்கு அது விரலில் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பறவையின் முகத்தை அல்ல. வாலின் அடியை, காலின் பிடியை, காற்று எந்தப் பக்கமிருந்து இறகைக் கிளப்புகிறது என்பதை. பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். எனவே எந்தப் பக்கம் சட்டகத்தில் இடம் விடவேண்டும் என்பதையும் முன்னமே முடிவுசெய்திருந்தார். கண்ணாடி எழும்பி அவர் குருடான அந்த நேரத்தில் செம்பருந்து எங்கே இருக்கும் என்பதை அவர் பார்க்கவேண்டியதில்லை.

முன்பதிவு வசதியுள்ள பாடியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. செம்பருந்து கிளம்பியபின் அழுத்தினார். கால் கிளையை விட்டு எழும் படம், இறக்கை முதல்முறை விரியும் படம், எல்லாம் அதில் இருந்தன. "நான் அழுத்தவே இல்லையே தம்பி, அது போனப்புறம்தானே அழுத்துனேன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது மகிழ்ச்சியா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படம் யாருடையது என்று ஆர்வலர்களுக்குள் கடுமையான வாக்குவாதம் நடக்கிறது. வீடியோவிலிருந்து ஒரு சட்டகத்தைப் பிய்த்து எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்கிறார்கள் ஒரு சாரார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1878 ஜூனில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாக 12 கேமராக்களை வைத்து, ஓடும் குதிரையின் குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை ஓடிவந்து நூலை இழுக்க இழுக்க ஷட்டர்கள் விழுந்தன. எந்தப் படத்தையும் அவர் விரல் எடுக்கவில்லை. ஆனாலும் அவை மைபிரிட்ஜ் எடுத்த படங்கள்தான். நூல் எங்கே கட்டப்படவேண்டும் என்று தெரிந்தவர் அவர். பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கட்டத்தில் தரையில் இல்லை என்பதை மனிதக் கண் அதற்கு முன் பார்த்ததே இல்லை. விரலின் முடிவு என்பது போட்டோகிராஃபியின் சாரம் என்றால் போட்டோகிராஃபியின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றை வெளியே தள்ளவேண்டியிருக்கும்.

மாறியிருப்பது முடிவு எடுக்கும் இடம். முன்பு ஏரிக்கரையில், அரை நொடிக்குள், பறவையோடு சேர்ந்து எடுத்த முடிவு இப்போது சாயங்காலம் மேசையில் நடக்கிறது. ஒரு காலைப் பொழுதில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்துவிடுகின்றன. ஒரே எழுச்சியின் நாற்பது படங்களில் இறக்கை எதில் மிக அழகாக விரிந்திருக்கிறது என்று அம்புக்குறியை முன்னும் பின்னும் தட்டிப் பார்க்கிறோம். 1975இல் கோடாக்கின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை, 0.01 மெகாபிக்சலில், கேசட் நாடாவில் எழுத 23 நொடி எடுத்துக்கொண்டது. அந்த 23 நொடிக்குள் ஏ9 மூன்றாம் மாடலின் வேகத்தில் 2,700-க்கும் மேற்பட்ட கணங்கள் இருக்கின்றன. இத்தனையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் கலைதான், பத்திரிகைப் படப்பிரிவு ஆசிரியர்கள் காலங்காலமாகச் செய்துவந்த கலை. ஆனால் மேசையில் தேர்ந்தெடுக்கையில் பறவை அங்கே இல்லை. அழகான இறக்கையைத் தேடும் கண், அந்தப் பறவை ஏன் அப்போது கிளம்பியது என்று கேட்பதில்லை.

இதை இழப்பு என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். கை நடுங்கும் வயதில், கண் மங்கும் வயதில் இந்த வசதியால் திரும்பவும் ஏரிக்கரைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். முன்பதிவும் முற்றிலும் காவல் இல்லாத வேலை அல்ல. பாதி அழுத்தியே வைத்திருந்தால் பாட்டரி இறங்குகிறது, பாடி சூடாகிறது, சில கேமராக்கள் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. பருந்தோ அரை மணி நேரம் அசையாமல் உட்காரும். எனவே எப்போது பாதி அழுத்தத் தொடங்குவது என்பதற்கு அந்தப் பழைய அறிகுறிகளே இன்னும் தேவைப்படுகின்றன. விரலுக்கு ஒரு நொடி தவணை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சில தலைமுறைக் கேமராக்களில் அந்தத் தவணை ஒரு நிமிடமாக நீளும். அப்போது அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருக்க யாருக்கும் அவசியம் இருக்காது.

பென்டாக்ஸ் மட்டும் 2020இல், நாங்கள் எஸ்.எல்.ஆரை விடமாட்டோம், ஒளி நேராகக் கண்ணை வந்தடையும் ஃபைண்டரே எங்கள் வழி என்று அறிவித்து, அடுத்த ஆண்டு கே-3 மார்க் 3ஐக் கொண்டுவந்தது. 2023இல் அதிலேயே நிறம் பதியாத, கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் மாடலும் வந்தது. அந்த நிறுவனத்தின் உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கண்ணாடியைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அந்த இருட்டு வளர்த்த அறிவைக் காப்பாற்றுவது வேறு வேலை. அதை எந்த நிறுவனமும் செய்யாது. லென்ஸின் கூர்மையைப் பற்றி, சென்சாரின் வாசிப்பு வேகத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசத் தெரிந்த ஆர்வலர்கள் தங்கள் விரலில் இருப்பதையும் அதே துல்லியத்தோடு பேசி எழுதிவைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தமிழில் அப்படி ஒரு புத்தகம் வந்தால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

நண்பரிடம் கேட்டுக் கேட்டு நானே கொஞ்சம் குறித்துவைக்க ஆரம்பித்திருக்கிறேன். கொக்கு குத்துவதற்கு முன் கழுத்தைப் பின்னுக்கு மடித்து இழுக்கும், கண்ணை மட்டும் நீரிலிருந்து எடுக்காது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் இறக்கையடித்து நிற்கையில் தலை அசையாது. உடம்பு செங்குத்தாகி அலகு நேர்கீழே திரும்பிவிட்டால், ஒன்று பாயும், இல்லை இடம் மாறும். வெண்மார்பு மீன்கொத்தி கிளையில் இருந்தபடி தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தைக் கணக்கிடும். ஆட்டம் நின்றால் விரல் தயாராக இருக்கவேண்டும். பாம்புத்தாராவைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. நீருக்கடியில் குத்திய மீனோடு மேலே வந்ததும் அது தலையை உதறுகிறது, பிறகு மீனை மேலே தூக்கிப்போட்டு விழுங்குகிறது. அந்த உதறலே அறிகுறி, அதை எண்ணினால் தூக்கிப்போடும் நேரம் தெரிந்துவிடும் என்கிறார் அவர். நான் பார்த்தவரை உதறலுக்கும் தூக்கிப்போடுவதற்கும் இடையில் ஓர் ஒழுங்கும் இல்லை, மீனின் பருமனைப் பொறுத்து மாறுகிறது. வேடந்தாங்கலில் சீசன் நவம்பரில் தொடங்கும். இருவரும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம், அவர் தன் டி500ஐ எடுத்துக்கொண்டு, நான் இரவல் வாங்கிய மிரர்லெஸ்ஸோடு.